தோலுக்குக் கீழே, சதைக்கு மேலே

மதினி,

இன்று காலை கௌசி சட்டையை நெஞ்சு வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து வயிற்றைத் துடைத்தாள். அந்த வாசனை நம் லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பரவியதுமே நீ வந்துவிட்டாய். வாசல் கல்லில் காலைத் தேய்த்து நீ சேற்றை உதறுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பள்ளத்து ரப்பர் மரங்களுக்கு மேலே மழை புகை மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை.

மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு அது உன் கை. உன் விரல்களில் எப்போதும் இரண்டு வாசனைகள் இருந்தன. ஒன்று ரப்பர் பாலின் புளித்த வாசனை, எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாதது. மற்றது இந்த ஸ்பிரிட். இரண்டும் கலந்த கையால்தான் நீ பேத்திக்குச் சோறு ஊட்டினாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்திருக்கிறேன்.

கௌசிக்கு இப்போது பதின்மூன்று வயசு. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். போடும்போது உன்னைப் போலவே நாக்கு நுனியைப் பல்லால் கடித்துக்கொள்கிறாள்.

"என்ன அப்பாயி, அப்புடி பாக்குற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒங்க அம்மாயி வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

"வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு," என்று சிரித்தாள். வயிற்றில் குத்திய ஊசி அசையவேயில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை அவளுடைய பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும். ஆனால் சங்கதி கோணாது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று நீ உடுத்தியிருந்த சேலையின் கரை என்ன நிறம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பொங்கலுக்கு உன் வீட்டிலிருந்து எனக்கு வந்த கிண்ணத்தில் மட்டும் முந்திரிப்பருப்பு இல்லாததையும் சொல்வேன். அண்ணன் பெண்டாட்டி என்றால் எனக்கு அம்மா மாதிரி என்று ஊர் சொன்னது. நீயோ என்னைவிட ஆறு மாசம் இளையவள், பக்கத்துக் காம்பராவில் பிறந்து என்னோடு மண் தின்றவள். அதனால் உன்னை மதினி என்று கூப்பிட்டாலும் மரியாதை கொடுத்ததில்லை. நீயும் கேட்டதில்லை.

உன்மேல் எனக்கிருந்த கோபங்களில் பெரியது, என் மகனுக்கு உன் மகள் சாந்தியைக் கேட்டபோது நீ தயங்கியதுதான்.

அண்ணன் மகள் என் மகனுக்கு முறைப்பெண். அது எனக்குள்ள உரிமை என்று நினைத்திருந்தேன். வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். நீ ரப்பர் பால் வெட்டி முடித்து, வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, பால் உறைந்த சேலைத் தலைப்பை நெற்றியில் கட்டியபடி நின்றாய்.

"வேணாம் பாக்கியம். வேற எடம் பாரு. நானே அலைஞ்சு நல்ல பொண்ணா பாத்துத் தாறேன்."

"ஏன்? எம் மகன் குடிகாரனா? கைகால் வெளங்காதவனா?"

"தங்கமான புள்ள. அது இல்ல."

"அப்ப என்னதான் சொல்லேன்."

நீ தரையைப் பார்த்தாய். "சொன்னா நீ தாங்கமாட்ட," என்றாய்.

பெல்மதுளைச் சந்தியில் கடைக்கார மாப்பிள்ளைக்கு நீ ஆசைப்படுகிறாய் என்று நான் முடிவு செய்தேன். அப்படியே ஊரெல்லாம் சொன்னேன். இரண்டு தீபாவளிக்கு உன் வாசல் மிதிக்கவில்லை. அண்ணன் நடுவில் கிடந்து நொந்தார். கடைசியில் அவர்தான் தலையாட்டினார். தோட்டத்துக் கோவிலில் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றும்போது எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தோற்றுப்போன ஆத்திரம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் கண்ணை மூடிய வருஷம் கௌசி பிறந்தாள். பொம்மைக்குப் போல உப்பிய கன்னம், குட்டி மூக்கு. பார்த்தவர்கள் கொஞ்சினார்கள். ஐந்தாறு மாசத்தில் வயிறு பெருத்தது. கைகால் மட்டும் குச்சியாகவே இருந்தது. விடிகாலையில் தூக்கினால் உடம்பு வேர்த்துச் சில்லென்று துவண்டு கிடப்பாள். பால் கொடுத்ததும் மெல்ல உயிர் திரும்பும். அதோடு போகாமல் வாயெல்லாம் புண், காதுக்குப் பின்னால் கட்டி, தொடையில் கட்டி, ஓயாத காய்ச்சல். தோட்டத்து மருந்துச்சாலையில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கோவில் பூசாரி கயிறு கட்டினார்.

தண்ணீர்ப் பீலியடியில் நாலு பெண்கள் நடுவில் நான் சொன்னேன்: "பொண்ணு எடுத்த எடத்துல என்ன கெடந்துச்சோ, எம் மகன் தலையில வந்து விடிஞ்சிருக்கு."

உன் குடம் பீலிக்குக் கீழே இருந்தது. நீ குனிந்து நின்றாய். குடம் நிரம்பி வழிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். அப்புறம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாய். அதுவும் எனக்குக் கோபம்தான்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரி வார்டில் மாறி மாறிக் கிடந்தோம். கௌசிக்கு மூன்று வயசானபோது அங்கிருந்து கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. எனக்கு அந்த வருஷம்தான் வயசு முடிந்து வேலையில் பேர் நின்றிருந்தது. உனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் இரண்டு கிழவிகளுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் நீ ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம், நடுவில் கௌசி. அவள் தூக்கத்தில் ஒரு கையால் உன் சேலையையும் ஒரு கையால் என் சேலையையும் பிடித்திருந்தாள். வெளியே ஆறும் வயலும் மாணிக்கக் குழிகளின் ஓலைக்கூரைகளும் பனியில் மிதந்து போயின.

அங்கே குழந்தை டாக்டரம்மா ஒருவர். மெலிந்தவர், குரல் தாழ்ந்தவர். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொன்னாய். பிள்ளையின் ஈரல் ஒரு பெட்டி மாதிரி. சாப்பிடுகிற சீனியெல்லாம் அதில் போய்ச் சேர்கிறது. ஆனால் வெளியே எடுக்கச் சாவி இல்லாமல் பிறந்திருக்கிறாள். அதனால்தான் வயிறு பெருத்து, உடம்பு பசித்துத் துவள்கிறது. இரவும் பகலும் நேரம் தவறாமல் பச்சைச் சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் அது மெதுவாகக் கரைந்து தாங்கும்.

"அது ஒரு பாதி," என்றாய். "மத்த பாதிதான் பெருசாம். ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்காம். கிருமி வந்தா சண்டை புடிக்கிறது. அது இவளுக்கு ரொம்பக் கொறச்சல். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல இருக்கணுமாம். இவளுக்கு இருநூறு."

"இருநூறுன்னா?"

"வாசல்ல காவலுக்கு ஆளில்லாத வீடு மாதிரி. யாரு வேணா உள்ள வரலாம்."

அப்புறம் டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். நீ அதைத் தமிழில் சொல்ல முன்னமே எனக்குப் புரிந்தது. இரண்டு குடும்பத்திலும் இப்படி வயிறு பெருத்து, கன்னம் உப்பி, சின்ன வயசில் இறந்த பிள்ளைகள் உண்டா?

நீ என் முகத்தைப் பார்த்தாய்.

எனக்குப் பின்னால் பிறந்த தம்பிகள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பொம்மைக் கன்னம். இரண்டு பேருக்கும் வயிறு பானை. வாயில் புண் வந்து பால் குடிக்க முடியாமல் போனவன் மூத்தவன். காய்ச்சலில் போனவன் இளையவன். மாந்தம் என்று சொல்லி ஆற்றங்கரையில் புதைத்தார்கள். இளையவனை நீதான் இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி வருவாய், அப்போது உனக்கு ஏழு வயசு. அவனைப் புதைத்த அன்று நாம் இரண்டு பேரும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றோம்.

எல்லாம் ஞாபகம் இருந்தது. என் சின்ன மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த மாசம் அது. நான் டாக்டரம்மாவைப் பார்த்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நே," என்றேன். இல்லை.

நீ என் முகத்திலிருந்து பார்வையை எடுத்தாய். பிறகு அவரிடம் என்னவோ சொன்னாய். எங்கள் பக்கம் இருந்திருக்கலாம் மிஸ், என்று நீ சொன்னது எனக்கு விளங்கிவிட்டது.

டாக்டரம்மா தாளில் படம் போட்டார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். கீழே கௌசி. அவளுக்கு மேலே என் மகனும் உன் மகளும். மகனுக்கு மேலே நான். உன் மகளுக்கு மேலே அண்ணனும் நீயும். எனக்கும் அண்ணனுக்கும் மேலே எங்கள் அப்பாவும் அம்மாவும். அவருடைய பேனா கௌசியிடமிருந்து ஒரு பக்கம் என் வழியாக ஏறியது. மறு பக்கம் அண்ணன் வழியாக ஏறியது. இரண்டும் எங்கள் அப்பா அம்மா மேல் போய் ஒன்றாகி நின்றன. உன் வட்டம் ஓரத்தில் தனியாகக் கிடந்தது. பெரும்பாலும் இங்கேயிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நீ தமிழில் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. அந்தப் பேனாவுக்குப் பாஷை கிடையாது.

கல்யாணத்துக்கு நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பது அந்த மேசைக்கு முன்னால்தான் எனக்குப் புரிந்தது. சொன்னால் தாங்கமாட்டேன் என்றாயே, அதுவும்.

வெள்ளை அணுக்களைக் கூட்டுவதற்கு ஒரு ஊசி இருந்தது. சின்னக் குப்பி, உள்ளே தண்ணீர் மாதிரி மருந்து. தினமும் தோலுக்கு அடியில் கொஞ்சமாய்ப் போட வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். யாராவது ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும் என்றார் நர்ஸம்மா. குத்திப் பழக ஒரு தோடம்பழத்தையும் ஊசியையும் முதலில் என் கையில் கொடுத்தார். என் கை நடுங்கியது. ஊசி பழத்தைத் தாண்டி என் உள்ளங்கையில் ஏறியது.

நீ வாங்கிக்கொண்டாய். பழத்தைத் தடவிப் பார்த்தாய். "எவ்வளவு ஆழம் மிஸ்?" என்று கேட்டாய். அவர் சொன்னதும் உன் முகம் மலர்ந்ததே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

"அட, இது நம்ம பால் வெட்டுதானே! பட்டை வெட்டணும், மரத்துல காயம் படக்கூடாது. தோலுக்குக் கீழ, சதைக்கு மேல."

முப்பத்தைந்து வருஷம் ரப்பர் மரத்தில் கத்தி வைத்த கை அது. ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் புண்ணாகும், ஒரு நூல் குறைந்தால் பால் வராது. கௌசியின் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, சாய்த்து வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு குத்தினாய். பிள்ளை அழ வாயைத் திறந்தாள். அழுகை வருவதற்குள் முடிந்துவிட்டது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கொட்டாவி விட்டாள். நர்ஸம்மா சிரித்தார்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். உன் கையில் பிளாஸ்க். உள்ளே ஐஸ், குப்பிகள். பையில் ஒரு கட்டு ஊசி. ஆமிக்காரப் பையன் ஊசிகளைக் கண்டதும் பின்வாங்கி, "மொகத மே?" இது என்ன, என்று அதட்டினான். நீ நிதானமாகப் பிளாஸ்க்கைத் திறந்து காட்டினாய். "லமயாகே பெஹெத், மாத்தயா," பிள்ளையுடைய மருந்து, என்று தொடங்கி, ஈரல் பெட்டியிலிருந்து வெள்ளை அணு வரை அவனுக்கு ஒரு பாடமே நடத்தினாய். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். கடைசியில் மூடியைத் தானே இறுக்கித் தந்து, ஐஸ் கரையப் போகிறது, சீக்கிரம் ஏறுங்கள் ஆச்சி என்றான்.

குருவிட்டையைத் தாண்டும்போது மழை பிடித்தது. பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் பால் பூசினது மாதிரி ஆகிவிட்டது. கௌசி உன் மடியில் தூங்கினாள். நீ வெளியே பார்த்தபடி, ரொம்ப மெதுவாகக் கேட்டாய்.

"ஒங்க கடைசித் தம்பி பேரு என்ன பாக்கியம்? நான் தூக்கிக்கிட்டு திரிவேனே. பேரு மறந்து போச்சு."

நீ மறந்திருக்கவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாய். உள்ளே போகாமல் நின்றவள் நான்தான்.

"எனக்கும் ஞாபகமில்ல," என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு அதைக் கேட்கவேயில்லை.

வீட்டில் எல்லாரும் கூடி நின்றார்கள். என்ன வியாதி, எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "எங்க பக்கத்து வியாதியாம்," என்று நீயே சொன்னாய். சாந்தி உன்னை ஒரு பார்வை பார்த்தாள். பெற்ற தாயைக் குற்றவாளியாகப் பார்க்கிற பார்வை. நான் விளக்குத் திரியைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அடுத்த மாசம் என் சின்ன மகளுக்கு ஒரு சொல்லும் கிளம்பாமல் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியவள் நீ.

அதன் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் எல்லாம் ஒரே காலை மாதிரி இருக்கிறது. மூடுபனி. அடுப்புப் புகை. வயசு முடிந்த பிறகும் நாட்கூலிக்கு நீ பால் வெட்டப் போகும் வழியில் வந்து, கையைக் கழுவி, ஊசி போட்டு, பிள்ளையின் தலையை முகர்ந்துவிட்டுப் போவாய். இருநூறு நானூறு ஆனது. பிறகு எழுநூறு. வாய்ப் புண் ஆறி, முதல் முறையாகக் கௌசி புளிக்குழம்பு கேட்டாள். ஒவ்வொரு கிளினிக்கிலும் சொன்ன எண்ணிக்கையை நான் மனசில் வைத்திருந்தேன். கிளினிக் துண்டுச் சீட்டை நீ மறந்து வந்தாலும் டாக்டரம்மா என்னைத்தான் கேட்பார். அந்த ஒன்றில்தான் எனக்கு வேலை இருந்தது.

எழுநூறுக்குப் பிறகு ஒரு தடவை திடீரென்று நூற்றைம்பதுக்கு இறங்கியது. காய்ச்சல், தொண்டையில் புண். நான் பழைய பாக்கியம் ஆகிவிட்டேன்.

"ஒங் கையிலதான் கோளாறு. மருந்தை வெளிய சிந்திப்புட்டு உள்ள போட்டேன்னு சொல்ற."

"இருக்கும்," என்றாய்.

மருந்தைச் சந்திக்கடை முதலாளியின் குளிர்ப்பெட்டியில்தான் வைத்திருந்தோம். எங்கே வைக்கிறீர்கள் என்று நர்ஸம்மா கேட்டார். நான் பெருமையாக முன்னால் போய்ச் சொன்னேன். "தயிர்ச்சட்டி பக்கத்துல வச்சிருந்தாங்க மிஸ். அங்க குளிர் பத்தாது. நான்தான் முதலாளிகிட்ட சண்டை போட்டு மேல ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னேன். கல்லு மாதிரி இருக்கும்!"

நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். உறைந்தால் அந்த மருந்து செத்துப்போகுமாம். ஒரு மாசமாகப் பிள்ளைக்கு வெறும் தண்ணீரைக் குத்தியிருக்கிறோம்.

நான் செத்த பிணமாகப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவாய் என்று காத்திருந்தேன். பாதி வழியில் உன் தோள் குலுங்கியது. அழுகிறாய் என்று பார்த்தால் சிரிப்பு.

"அம்புட்டு தூரம் பாதுகாத்துக் கொண்டாந்த மருந்தை ஐஸ்பழமா ஆக்கிப்புட்டியே பாக்கியம்! குச்சி மட்டும்தான் குத்தல!"

எனக்கும் சிரிப்பு வந்தது. வீடு வரும்வரை சிரித்தோம். புது மருந்து போட்ட மூன்றாம் வாரம் எண்ணிக்கை திரும்ப ஏறியது. ஐஸ் கதையைத் தோட்டம் முழுக்கப் பரப்பினாய், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் பெரிய கதையை நீ வாய் திறக்கவில்லை.

மருந்து கூடினால் மண்ணீரல் வீங்கும், குறைந்தால் காய்ச்சல் வரும். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கௌசியின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துப் பேனாவால் கோடு போடுவார். கோடு கீழே இறங்கினால் மருந்தைக் குறைப்பார். ஊசி போட்ட நாளில் பிள்ளைக்குக் கால் எலும்பு குடையும், நான் எண்ணெய் தடவி நீவுவேன். கடைசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதும் என்றார். நான் பயந்தேன். உனக்குப் பயமில்லை.

"மரத்தைத் தினம் வெட்டுனா பட்டுப்போகும். ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் ஓய்வு. அந்தம்மா ரப்பர் தோட்டத்துல பொறந்திருப்பாங்க போல."

வலது பக்கம் ஒரு முறை, இடது பக்கம் ஒரு முறை. மரத்தில் பட்டை மாற்றுகிற மாதிரி கௌசியின் வயிற்றில் நீ இடம் மாற்றி வந்தாய். எந்தப் பக்கம் என்று நீ எழுதி வைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அடைமழை மாசத்தில், உனக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தினபுரி வார்டில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று மனசில் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"நாளைக்கு இல்ல பாக்கியம், நாளன்னைக்கு ஊசி. எடது பக்கம். ஒனக்குக் கை நடுங்கும், அவகிட்டயே குடு. பழகிட்டா."

"சரி மதினி," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது நீ இல்லை.

உன் கருமாதியிலும் கேட்டேன். அந்த வீட்டுப் பக்கத்து வியாதி, பேத்தியோடு போகட்டும் என்று ஒருத்தி சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மதினி, இனித்தான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தி கௌசிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். யுத்தம் முடிந்துவிட்டது என்று பக்கத்துக் காம்பரா ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. இனிமேல் கிளினிக்குக்குப் போக வழியில் இறக்கமாட்டார்கள் என்று சாந்தி சொன்னாள். கௌசி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பரம்பரை என்று ஏதோ படித்திருக்கிறாள்.

"அம்மா, அம்மாயி பக்கத்துல இருந்து மட்டும் வந்தா எனக்கு இது வந்திருக்காது. அப்பா பக்கமும் இருக்கணும். டீச்சர் படம் போட்டுக் காட்டுனாங்க."

சாந்தியின் சீப்பு நின்றது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சிக்கு எடுக்கிற மாதிரி இருந்தாள். பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"எனக்கு ரெண்டு தம்பி இருந்தாங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. மூத்தவன் முத்தையா, இளையவன் வேலு. கன்னத்தைச் சொன்னேன், வயிற்றைச் சொன்னேன், வாய்ப் புண்ணைச் சொன்னேன். கொழும்பில் கேட்டபோது இல்லை என்றதையும், பேனா போய் நின்ற இடத்தையும் சொன்னேன். "ஒங்க அம்மா வயித்துல இருந்து ஒனக்கு ஒரு கேடும் வரல சாந்தி. எங்க வீட்டுல இருந்து, ரெண்டு பக்கமா எறங்குனது. நான்தான் அடம்புடிச்சு ஒண்ணா சேத்து வச்சேன். அவ வேணாம்னு சொன்னா."

கௌசி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். சாந்தி சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள்.

"அம்மா என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாங்க அத்த," என்றாள். "கௌசிக்கு அஞ்சு வயசு இருக்கும்போதே. நான் ஒங்ககிட்ட சண்டைக்கு வரப் பாத்தேன். கையைப் புடிச்சு உக்கார வச்சாங்க."

"என்ன சொன்னா?"

"'அது சொல்லும். மறக்கிற மனுசி இல்ல அது. அதுவா சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காதே'ன்னு."

அவள் அழவில்லை. எழுந்து போய்ச் சோளமாவைக் கரைத்துக் கௌசியிடம் கொடுத்தாள். எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சீனி எனக்குப் பிடித்த அளவு இருந்தது.

கொழும்புக்குப் போன நாளிலிருந்து உன் கடைசி நாள் வரை எட்டு வருஷம், மதினி. பீலியடியில், பந்தியில், பஸ்ஸில், ஊசி போடும் காலைகளில், என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வருஷம் நீ காத்திருந்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கட்டிலோரத்தில் சொல்லியிருப்பேன். நீயும் கேட்டிருப்பாய்.

இந்த ஒரு வாரத்தில் உன்மேல் வைத்திருந்த கோபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முந்திரிப்பருப்பு போய்விட்டது. இரண்டு தீபாவளியும் போய்விட்டன. ஐஸ்பழக் கதையையும் விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் இருக்கிறது. அத்தனை வருஷம் காத்திருந்தவள், இன்னும் இரண்டு வருஷம் காத்திருந்திருக்கலாம். என்னை முந்திக்கொண்டு போய்விட்டாய். இதை மட்டும் நான் விடுவதாக இல்லை. என் மூச்சு இருக்கிற வரை வைத்திருப்பேன்.

பாக்கியம்